மறுக்கத் தெரிந்த ஒற்றைச் சக்கரம்

மின்சார யூனிசைக்கிள் வாங்க வருகிறவர்களுக்கு, பழகிய கைகள் ஒரு சோதனையைச் செய்து காட்டுவதுண்டு. வண்டியை ஆன் செய்து, மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்குவார்கள். மூக்கை லேசாக முன்னால் சாய்ப்பார்கள். சக்கரம் சுழலத் தொடங்கும். சாய்வைச் சரிசெய்யப் பார்க்கிறது. உதைத்து எழத் தரை இல்லாததால் முடியவில்லை. வேகத்தைக் கூட்டுகிறது. அப்போதும் முடியவில்லை. முனகல் கீச்சுக்குரலாக மாறும். எச்சரிக்கை ஒலி அலறும். பிறகு சட்டென்று எல்லாம் அடங்கிவிடும். மோட்டார் கைவிட்டுவிட்டது. சக்கரம் மட்டும் பழைய வேகத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

கையில் தூக்கிப் பிடித்திருக்கும்போது இது வேடிக்கை. அதே நொடி சாலையில், மேலே ஆள் நிற்கும்போது வந்தால்? ஓட்டுபவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'கட்அவுட்'. நமக்குக் கட்அவுட் என்றால் தியேட்டர் வாசலில் நிமிர்ந்து நிற்பது. அவர்களுக்குக் குப்புற விழுவது.

பாதுகாப்பு என்று சொல்லிப் புதுப்புது மாடல்களில் வரும் வசதிகளில் முக்கால்வாசி இந்த ஒரு நொடியைச் சுற்றித்தான். அதைப் புரிந்துகொண்டால் விளம்பரத்தில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதும் புரிந்துவிடும்.

விளக்குமாறும் உள்ளங்கையும்

சிறுவயதில் விளக்குமாற்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்போம். அது முன்னால் சாய்ந்தால் கையை முன்னால் கொண்டுபோவோம்; பின்னால் சாய்ந்தால் பின்னால். இந்த வண்டியும் அதைத்தான் செய்கிறது. விளக்குமாறு நீங்கள், உள்ளங்கை சக்கரம். செல்போனைத் திருப்பினால் படம் திரும்புகிறதே, அந்த வகைச் சில்லுதான் உள்ளே இருந்துகொண்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறீர்கள் என்று நொடிக்குப் பல நூறு முறை அளந்து சொல்கிறது. அதற்கேற்ப மோட்டார் சக்கரத்தை உங்களுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கிறது. முன்னால் சாய்ந்தால் வேகம், பின்னால் சாய்ந்தால் பிரேக். ஆக்ஸிலரேட்டர் இல்லை, பிரேக் கம்பி இல்லை, ஹேண்டில்பார் இல்லை.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஸ்கூட்டரில் எஞ்சின் நின்றால் வண்டி உருண்டுபோய் நிற்கும்; பிரேக் தனியாக வேலை செய்யும்; இரண்டு சக்கரங்கள் தாங்கும். இங்கே ஓட்டுவது, நிறுத்துவது, விழாமல் நிற்கவைப்பது மூன்றும் ஒரே மோட்டாரின் பொறுப்பு. அது ஓய்ந்தால் மூன்றும் ஒன்றாகப் போய்விடும்.

பெய்ஜிங்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஷேன் சென், வாஷிங்டன் மாநிலத்தின் காமஸ் என்ற சிற்றூரிலிருந்து 2011இல் 'சோலோவீல்' என்ற வண்டியைக் கொண்டுவந்தபோது இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியவில்லை. அதன் உச்ச வேகம் மணிக்கு 16 கி.மீ. மோட்டார் கைவிட்டாலும் நாலு எட்டு ஓடிச் சமாளித்துவிடலாம். பிறகு தயாரிப்பு சீனாவின் ஷென்ஜென், டோங்குவான் நகரங்களுக்குப் போனது. கிங்சாங், இன்மோஷன், கோட்வே (இன்று பெகோட்), வெட்டரன் என்று பெயர்கள் பெருகின; வேகமும் பெருகியது. 2020இல் வந்த இன்மோஷன் வி11 மணிக்கு 55 கி.மீ. ஓடும். உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் உலக சாதனை படைத்தபோது தொட்ட உச்ச வேகமே மணிக்கு 44 கி.மீ. சொச்சம். ஓடித் தப்பிக்கும் கதை அங்கேயே முடிந்துவிட்டது.

ராட்டினத்தைத் தள்ளும் கை

மோட்டார் ஏன் கைவிடுகிறது? திருவிழா ராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்றுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சுற்றும்போது அவர் நன்றாகத் தள்ள முடியும். வேகம் ஏற ஏற, அவர் கை அதைவிட வேகமாகப் போனால்தான் தள்ளமுடியும். ஒரு கட்டத்தில் ராட்டினமும் கையும் ஒரே வேகத்தில் போகும். தொட்டுக்கொண்டிருக்கலாம், தள்ள முடியாது.

மின் மோட்டாரிலும் இதே கதை. சுழலும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகவும் ஆகி, பேட்டரிக்கு எதிராக மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. வேகம் கூடக்கூட எதிரழுத்தமும் கூடும். அது பேட்டரியின் அழுத்தத்தை எட்டிப்பிடிக்கும்போது மோட்டாரிடம் தள்ள மிச்சம் எதுவும் இருக்காது. தூக்கிப்பிடித்த சக்கரம் போய் முட்டியது இந்தச் சுவரில்தான். மேலே ஆள் நிற்கும்போது அந்தச் சுவர் இன்னும் முன்னதாகவே வந்துவிடும்; ஏனென்றால் காற்றை எதிர்க்கவும் மேட்டில் ஏறவும் சிறு குழியில் இறங்கி எழவும் தனியாக விசை வேண்டும்.

சுவரைத் தள்ளிவைக்க எளிய வழி, பேட்டரியின் அழுத்தத்தைக் கூட்டுவது. ஒரு லித்தியம் அயான் செல் முழுதாக ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட். 20 செல்களைத் தொடராக இணைத்தால் 84 வோல்ட், வி11 அப்படிப்பட்டது. அதே 2020இல் வெட்டரன் ஷெர்மன் 24 செல் வரிசையோடு 100.8 வோல்ட்டில் வந்தது. 2022இன் இன்மோஷன் வி13இல் அது 126. 2023இன் வெட்டரன் லிங்க்ஸில் 151. ஷெர்மனின் பேட்டரி 3200 வாட்-ஹவர், அதாவது நம் சாலையில் ஓடும் மின் ஸ்கூட்டர்கள் பலவற்றின் பேட்டரிக்குச் சமம். எடை 35 கிலோ. சிமென்ட் மூட்டையில் ஏறத்தாழ முக்கால் பங்கு.

இந்தக் கூடுதல் அழுத்தத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டால் அது பாதுகாப்பு. வேகமாகச் செலவழித்துவிட்டால் பழைய ஆபத்து, முன்னைவிட உயரமான இடத்திலிருந்து. ஒரே எண்ணை விற்பவர் வேகம் என்கிறார். விவரமான ஓட்டுநர் மிச்சம் என்கிறார்.

பின்னால் தள்ளும் பலகை

ஓட்டுபவர் சுவரை நெருங்குகிறார் என்பது வண்டிக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது? முதலில் பீப் ஒலி. காற்றிரைச்சலிலும் முழுமுக ஹெல்மெட்டுக்குள்ளும் அது காதில் விழாமல் போகலாம். அதனால் இரண்டாவது மொழி ஒன்றை வைத்திருக்கிறார்கள்: டில்ட்பேக். கால்வைத்து நிற்கும் பலகைகளின் முன்விளிம்பு மெல்ல மேலே எழும். குதிகால் கீழே போகும், உடம்பு தானாகப் பின்னால் சாயும், வேகம் குறையும். காதை நம்பாமல் பாதத்தோடு பேசும் இந்த ஏற்பாடுதான், என்னைக் கேட்டால், இந்த வண்டியின் மிக அழகான வடிவமைப்பு. நீ கேட்கும் வேகத்தைத் தரமாட்டேன் என்று வண்டி மறுக்கும் இடம் அது.

இந்த மறுப்புக்கும் ஒரு விலை உண்டு. பலகையின் முன்பக்கத்தை உயர்த்த வேண்டுமானால், சக்கரம் ஒரு கணம் ஓட்டுபவரை முந்திக்கொண்டு முன்னே போக வேண்டும். வேகத்தைக் குறைக்கச் சொல்வதற்கே கொஞ்சம் கூடுதல் வேகம் தேவை! ஆக, சுவர் வரை போனபிறகு எச்சரிக்கவே முடியாது. கணிசமான மிச்சம் கையில் இருக்கும்போதே மறுத்தாக வேண்டும். மோட்டாரின் திறனில் எத்தனை சதவீதம் இப்போது செலவாகிறது என்பதைக் கைபேசிச் செயலியில் காட்டி, 80 சதவீதம் போன்ற ஒரு வரம்பில் எச்சரிக்கும் வழக்கம் இதனால்தான் பரவியது. மணிக்கு இத்தனை கி.மீ. என்ற எண்ணைவிட இந்தச் சதவீதம் நேர்மையானது. ஏற்றம், எதிர்காற்று, ஓட்டுபவரின் எடை எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன.

சில மாடல்களில் டில்ட்பேக்கை ஓட்டுபவரே அணைத்துவைக்க முடியும். அணைத்தவர்கள் அதைச் சுதந்திரம் என்கிறார்கள்.

பேட்டரியின் தர்மசங்கடம்

செல்போனிலோ லேப்டாப்பிலோ பேட்டரிக்கு ஆபத்து வந்தால், உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பிஎம்எஸ் என்பார்கள். பேட்டரி பிழைத்துக்கொள்ளும். ஒற்றைச் சக்கரத்தில் அப்படித் துண்டித்தால் பேட்டரி பிழைக்கும். மேலே நிற்பவர் விழுவார். ஆரம்பகால மலிவு வண்டிகள் சிலவற்றில் இதுவே நடந்தது. சின்ன பேட்டரி, மேட்டில் ஒரு திணறல், உடனே காவல் சர்க்யூட் கதவைச் சாத்திவிடும்.

அதற்காக ஓடும்போது துண்டிக்காத வகையில் அமைத்தார்கள். ஆனால் ஒரு செல் கெட்டுப்போவதை யாரும் கவனிக்காமல் விட்டால் அது ஒருநாள் தீயில் முடியலாம். இதற்கு விடையாக வந்ததுதான் 'ஸ்மார்ட் பிஎம்எஸ்'. அது ஒவ்வொரு செல் வரிசையின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்த்து, மோட்டாரை ஆளும் சர்க்யூட்டான மூளைப் பலகைக்குச் சொல்லும். மூளைப் பலகை டில்ட்பேக் மூலம் ஓட்டுபவரை மெல்ல நிறுத்தவைக்கும். கதவைச் சாத்துவதற்குப் பதில் ஆளை வெளியே அழைத்துவந்துவிட்டுச் சாத்துவது. பேட்டரியைத் தனித்தனிப் பொதிகளாகப் பிரித்து இணையாக இணைப்பதும் இதே நோக்கில்தான். ஒன்று படுத்தாலும் இன்னொன்று ஓரம்கட்டும் வரை தாங்கும்.

இன்னொரு விசித்திரம், பேட்டரி நிரம்பியிருப்பதும் ஆபத்து. மலை உச்சியில் வீடு என்று வையுங்கள். இரவெல்லாம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்குகிறீர்கள். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பிப் பேட்டரிக்கு அனுப்பும். அங்கோ இடமில்லை. அழுத்தம் வரம்பைத் தாண்டப் பார்க்கும். வண்டி இறக்கத்திலேயே டில்ட்பேக் கொடுக்கும். மலைவாசிகள் பேட்டரியில் கொஞ்சம் இடம் விட்டுச் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

தீ விஷயத்தில் உலகம் பாடம் கற்றது ஹோவர்போர்டிடம். 2016 ஜூலையில் அமெரிக்காவில் 5 லட்சத்துக்கும் அதிகமான ஹோவர்போர்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அவ்வகைக் கருவிகளுக்காக அதே ஆண்டு வந்த 'யுஎல் 2272' தரச்சான்று இன்று யூனிசைக்கிளுக்கும் அளவுகோல். நியூயார்க் நகரில் மின் சைக்கிள், ஸ்கூட்டர் முதலானவற்றின் லித்தியம் அயான் பேட்டரித் தீக்கு 2023இல் மட்டும் 18 பேர் பலியானார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து இந்தச் சான்று இல்லாத மின் பயணக் கருவிகளை அங்கே விற்கக் கூடாது. ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இந்தச் சான்று முதன்மையாக மின்சாரத்தையும் தீயையும் பற்றியது. குப்புற விழுவதற்கு அது பொறுப்பேற்காது.

குழியும் கைப்பிடியும்

2020 வரை இந்த வண்டிகளுக்கு டயரும் முழங்காலும்தான் ஷாக் அப்சார்பர். அந்த ஆண்டு கிங்சாங் எஸ்18, வி11 இரண்டும் சஸ்பென்ஷனோடு வந்தன. எஸ்18 மலையேற்றச் சைக்கிளின் ஷாக் அப்சார்பரை நெம்புகோல்களோடு மேலே பொருத்தி 100 மி.மீ. ஆட்டம் கொடுத்தது. வி11 காற்றுக் குழாய்களைச் சக்கரத்தின் இருபக்கமும் வைத்து 85 மி.மீ. கொடுத்தது. இதைச் சொகுசு என்று நினைத்தால் தவறு. குழியில் இறங்கும் சக்கரம் ஆளைத் தூக்கி எறிந்தால், கால் பலகையை விட்டு எழும்பிவிடும். கால் போனால் கட்டுப்பாடும் போச்சு. பலகையில் முள்முள்ளாக ஆணி பதித்திருப்பதும், கணுக்காலுக்கு மேலே திண்டு வைத்திருப்பதும் காலை அங்கேயே பிடித்துவைக்கத்தான்.

சின்ன விஷயங்களிலும் புத்திசாலித்தனம் தெரிகிறது. படியில் தூக்கிச் செல்லும்போது சக்கரம் வெறிகொண்டு சுற்றாமலிருக்கக் கைப்பிடிக்கு அடியில் ஒரு பொத்தான். அதை அழுத்தியவுடன் மோட்டார் அடங்கும். ஓட்டுபவர் விழுந்து வண்டி பக்கவாட்டில் சாய்ந்தால் மோட்டார் தானே நிற்கும். வேகம் குறையும்போது பின்விளக்கு பிரகாசமாகும். மழைநீர் மூளைப் பலகைக்குள் போனால் அதுவும் கட்அவுட்தான் என்பதால் ரப்பர் அடைப்புகளும் கூடிக்கொண்டே வருகின்றன.

சட்டம் இந்த வண்டியைப் பார்த்து இன்னும் விழிக்கிறது. ஜெர்மனியின் 2019 விதி, சிறு மின் வாகனத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும் என்கிறது. கம்பியே இல்லாத வண்டி அதனால் சாலைக்கு வர முடியாது. பிரிட்டனில் பொதுச்சாலை, நடைபாதை இரண்டிலும் தடை. பிரான்ஸில் மணிக்கு 25 கி.மீ. வரை அனுமதி. சிங்கப்பூரிலும் அதே வேகவரம்பு. கூடவே எடை 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும், யுஎல் 2272 சான்றும் வேண்டும். ஷெர்மன் அங்கே தராசிலேயே தோற்றுவிடும்.

எல்லாம் இருந்தும் விழுவது உண்டு. விழும்போது கை தானாக முன்னே நீளும். மணிக்கட்டு முதலில் தரையைத் தொடும். அனுபவசாலிகள் ஹெல்மெட்டுக்கு அடுத்து மணிக்கட்டுக் காப்பை மாட்டுவது அதற்காக. அதன் உள்ளங்கைப் பக்கம் வழுக்கும் பிளாஸ்டிக் தகடு இருக்கும். தரையில் கை குத்தி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

இன்னொரு காப்பு கடையில் கிடைக்காது. 20 செல் வண்டி காலையில் 84 வோல்ட்டோடு கிளம்புகிறது. மாலையில் செல்லுக்கு 3.3 வோல்ட் என்று இறங்கியிருந்தால் மொத்தம் 66. சுவர் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் கிட்டே வந்துவிட்டது. தூக்கிப் பிடித்த சக்கரம் காலையில் மணிக்கு 70 கி.மீ.யில் கைவிட்டது என்றால் மாலையில் 55லேயே கைவிடும். சாலை அதேதான், ஆளும் அதேதான், வண்டியும் அதேதான். ஆனாலும் போன வேகத்தில் வீடு திரும்பக் கூடாது.