கடைத்தெருவும் ஒரு பள்ளிக்கூடமே

மாதத்தின் முதல் சனிக்கிழமை. மாலை ஆறு மணி. மளிகைக் கடையில் நிற்கவும் இடமில்லை. ஆறு வயது மகனின் கையைப் பற்றியவாறு, பொருள்களின் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த கடையில் காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் இரையத் தொடங்கியது. மறுகணமே என் மகன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, தரையில் விழுந்து அலறினான். தலையைத் தரையில் மோதிக்கொண்டான். கூட்டம் விலகி நின்று வேடிக்கை பார்த்தது. “கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள், இரண்டு அடி கொடுத்தால் சரியாகிவிடும்” என்று பெரியவர் ஒருவர் தீர்ப்புக் கூறினார். எடுத்து வைத்த பொருள்களை அங்கேயே விட்டுவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அதன்பின் ஓராண்டுக் காலம் அவனைக் கடைவீதிக்கு நான் அழைத்துச் செல்லவே இல்லை. அந்த ஓராண்டுதான் நான் செய்த பெரும் பிழை. என்னைப் போன்ற பெற்றோர் அப்பிழையைச் செய்யாதிருக்கவும், பெரியவரைப் போன்றோர் உண்மையை அறிந்துகொள்ளவும் இதனை எழுதுகிறேன்.

அது பிடிவாதம் அன்று

என் மகனுக்கு ஆட்டிசம் உண்டு. அது தொற்றுநோய் அன்று. வளர்ப்பினால் வந்த கேடும் அன்று. மூளை வளரும் முறையிலேயே அமைந்த வேறுபாடு. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர், தாம் கண்ட 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது இந்நிலை மருத்துவ உலகின் கவனத்தைப் பெற்றது. அடுத்து வந்த ஆண்டுகளில், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று அறிஞர் சிலர் கூறினர். எத்தனை தாய்மார் அதைக் கேட்டுக் கண்ணீர் வடித்தனரோ! 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலறிஞர் இக்கருத்தை மறுத்து நூல் எழுதினார். அவரும் இத்தகைய குழந்தையின் தந்தையே. தாயைப் பழிக்கும் அக்கொள்கையை அறிவியல் உலகம் கைவிட்டுவிட்டது. கடைத்தெருதான் இன்னும் கைவிடவில்லை!

கடையில் நுழைந்ததும் நம் மூளை வேண்டாத ஓசைகளை ஒதுக்கிவிடுகிறது. இக்குழந்தைகளுள் பலருக்கு அவ்வாறு ஒதுக்க இயலுவதில்லை. குழல் விளக்கின் மெல்லிய இரைச்சல், மிளகாய் வற்றலின் நெடி, தோளில் உரசும் பை, வானொலிப் பாட்டு, பேரம் பேசும் குரல் ஆகிய யாவும் ஒரே வேகத்தில் வந்து தாக்குகின்றன. தாங்க இயலாத நிலையில் எழுவதே அந்த அலறல்.

பிடிவாதம் செய்யும் குழந்தை, தாய் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் நோக்கும். மிட்டாய் கைக்கு வந்ததும் அழுகையை நிறுத்தும். அலறும் இக்குழந்தையோ எவரையும் நோக்குவதில்லை. எதைக் கொடுத்தாலும் உடனே அடங்குவதும் இல்லை. அதற்கு வேண்டியது அடியன்று. அமைதியான ஓர் இடமும் சிறிது நேரமுமே.

வீட்டிலேயே வைத்திருக்கலாகாதா?

“இத்தனை துன்பம் எதற்கு? வீட்டிலேயே இருக்கட்டுமே” என்று உறவினர் கூறினர். ஆனால் இரவில் கண்மூடும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை வாட்டியது: எங்கள் காலத்திற்குப் பின் இவன் எவ்வாறு வாழ்வான்? தனக்கு வேண்டிய ஒரு சோப்பையேனும் தானே வாங்கத் தெரிந்தவன், அந்த அளவிற்கேனும் பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வான் அன்றோ? எனவே மீண்டும் புறப்பட்டோம்.

சிறுகச் சிறுக

முதல் வாரம் கடை வாசல் வரை சென்று திரும்பினோம், எதுவும் வாங்கவில்லை. அடுத்த வாரம் ஒரே ஒரு பொருள். வார நாள்களில், கூட்டமற்ற முற்பகல் 11 மணியையே தேர்ந்தெடுத்தோம். சம்பள வாரத்தையும் பண்டிகைக்கு முந்தைய நாள்களையும் தவிர்த்தோம்.

பழைய பிஸ்கட் உறை, சோப்பு உறை, உப்பு உறை ஆகியவற்றைக் கத்தரித்து அட்டைகளில் ஒட்டினேன். எந்தப் பொருள் முதலில், எது அடுத்தது, எப்போது வீடு திரும்புவோம் என்பதைப் புறப்படும் முன்னரே வரிசையாகக் காட்டுவேன். பொருள் பைக்குள் விழுந்ததும் அட்டையும் பைக்குள் போகும். இறுதி அட்டை எங்கள் வீட்டின் படம். பையைச் சுமப்பது அவன் பொறுப்பு. கைக்கு வேலையிருந்தால் அவன் மனமும் அடங்கியிருக்கும். இரைச்சல் மிகுந்தால் அணிந்துகொள்ளக் காதுமூடி ஒன்றும் உண்டு.

ஒரு நாள், வழக்கமாக வாங்கும் உப்பின் உறை நிறம் மாறிவிட்டது. அட்டையில் இருப்பது வேறு. கையில் கொடுப்பது வேறு! அன்று உப்பில்லாமலே திரும்பினோம். அதன்பின் வெறும் கேள்விக்குறி வரைந்த அட்டையொன்றைச் சேர்த்தேன். ‘இன்று ஏதோ ஒன்று மாறலாம்’ என்பது அதன் பொருள். மாற்றத்தைத் தாங்குவதும் கற்பிக்க வேண்டிய ஒரு பாடமே. குழந்தை கலங்கினால், வாங்கியதை விட்டுவிட்டு உடனே வெளியேற வேண்டும், அது தோல்வியன்று.

மற்றொன்றையும் மறத்தலாகாது. இக்குழந்தைகளுள் பலர் கணப்பொழுதில் கைநழுவி ஓடிவிடுவர்; தண்ணீரை நாடிச் செல்வோரும் உண்டு. கிணறும் குளமும் சாலையும் அருகிலிருந்தால் இருமடங்கு கவனம் தேவை. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு, சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

அருகில் நிற்பவர்களுக்கு

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆட்டிசத்தை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. எனவே பெற்றோரே, கடைக்காரரிடம் உண்மையைக் கூற வெட்கப்படாதீர். நான் கூறினேன். அன்று முதல் எங்களைக் கண்டதும் அவர் வானொலியை நிறுத்திவிடுவார். என் மகன் கேட்டு முடிக்கும் வரை பொறுத்திருப்பார். ஆஸ்திரேலியாவின் கோல்ஸ் பேரங்காடி 2017-இல், விளக்கொளியையும் ஒலியையும் குறைத்து ‘அமைதி நேரம்’ தொடங்கியது. பிரிட்டனில் மாரிசன்ஸ் 2018-இல் அவ்வாறே செய்தது. இவற்றையெல்லாம் எங்கள் கடைக்காரர் கேள்விப்பட்டதில்லை. அவரிடம் இருந்தது நல்ல மனம் ஒன்றே.

வாசக அன்பர்களே, கடையில் ஒரு குழந்தை விழுந்து அலறக் கண்டால் உற்று நோக்காதீர், அறிவுரை கூறாதீர், கன்னத்தைத் தொட்டுத் தேற்ற முயலாதீர். குரலைத் தாழ்த்தி வழி விடுங்கள். வரிசையில் உங்கள் இடத்தைக் கொடுங்கள். “நான் என்ன செய்யட்டும், அம்மா?” என்று மெல்லக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, ஒரு தாயை மறுவாரமும் கடைக்கு வரச் செய்யும்.

என் மகனுக்கு இப்போது வயது பன்னிரண்டு. சென்ற மாதம் தெருமுனைக் கடைக்கு அவன் தனியே நடந்தான். இருபதடி தொலைவில் நான் நின்றேன். அட்டையை நீட்டினான், பணத்தைக் கொடுத்தான், மீதிச் சில்லறையை எண்ணி வாங்கினான். அவனுக்குப் பின்னால் நால்வர் காத்திருந்தனர். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒரு பாக்கெட் உப்புடன் அவன் வீடு வந்து சேர்ந்தான். அவனுக்குக் கற்றுக் கொடுத்தவள் நான் மட்டும் அல்லள். காத்திருந்த அந்த நால்வரும் அவன் ஆசிரியர்களே.