சுருதி சேர்ந்த புகைக்குழல்

குழல் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முல்லை நிலத்தையும் ஆநிரையையும் நினைத்துக்கொள்வது தமிழ் கற்றோர் இயல்பு. யானும் அவ்வாறே நினைத்து வந்தவன். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்னும் ஐந்தாலும் குழல் செய்யப்படும் என்று சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் கூறியதை ஆண்டுதோறும் மாணவர்க்கு எடுத்துரைப்பவன். ஆனால், அலுமினியத்தால் ஆகிய ஒரு குழல், அதுவும் புகை போவதற்கென்று அமைந்த குழல், வங்கியத்தைப் போலவே நீளம் பார்த்துத் தேர்ந்து செவியாற் சுருதி கூட்டப்பட வேண்டியது என்பதைச் சென்ற ஆவணி விடுமுறையிலேதான் கற்றேன். கற்பித்தவன், ஒரு காலத்தில் என் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்த மாணவன்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், கிழக்கே கடலும் மேற்கே வாவியும் சூழக் கிடப்பது தேற்றாத்தீவு. கொம்புச்சந்திப் பிள்ளையாரை அறிந்தோர் இவ்வூரையும் அறிவர். கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றா மரத்தின் பெயரை இவ்வூர் தாங்கி நிற்கிறது. அங்கே ஓலைக்கொட்டில் ஒன்றில் மோட்டார் சைக்கிள், நீர் இறைக்கும் இயந்திரம், வள்ளத்து எஞ்சின் ஆகியவற்றைத் திருத்திப் பிழைப்பவன் என் பழைய மாணவன். அவனுடைய தமக்கை மகன், பதினைந்து வயதினன், விடுமுறைக்குச் சுவிற்சர்லாந்திலிருந்து வந்திருந்தான். வருகையில் ஒரு சிறு மோட்டார் வண்டியையும் கொணர்ந்திருந்தான். வானொலி அலையால் தூரத்தில் நின்று செலுத்தப்படும் வண்டி அது. நீளம் ஒரு முழத்திற்குச் சற்று மேல்.

விளையாட்டுப் பொருள்தானே என்று யான் எளிதாக எண்ணினேன். அதன் உள்ளுறுப்பைக் கண்டபோது எண்ணம் மாறியது. அதிலுள்ள இயந்திரத்தின் கொள்ளளவு 3.5 கன சென்ரிமீற்றர் மட்டுமே. கட்டைவிரல் நுனியளவு இடம். ஆயினும் அது நிமிடத்திற்கு 30,000 சுற்றுக்கு மேற் சுழல்வது. பெற்றோலில் ஓடாது, மெதனோல், நைத்திரோமீதேன், எண்ணெய் மூன்றும் கலந்த கலவையே அதன் உணவு. நைத்திரோமீதேன் தன்னுள்ளேயே ஒட்சிசனைச் சுமந்து வருவதால் கூடுதல் எரிபொருளை எரிக்க இயலும். பொறி தெறிக்கும் மின்கருவியும் இல்லை. பிளாற்றினக் கம்பிச் சுருள் ஒன்று முதலில் மின்கலத்தாற் சூடேறி, பின்பு மெதனோல் ஆவி பட்டுத் தானே கனன்றுகொண்டிருக்கும். நம் பிள்ளைகளின் தொழினுட்பப் பாடநூல் இவ்வகை இயந்திரத்தை ஈரடிப்பு என்றும், பெரிய வண்டிகளில் உள்ளதை நாலடிப்பு என்றும் வழங்கும். நாலடியாரினும் குறளுக்கு அடி குறைவு, வீறு குறைவன்று. இதுவும் அவ்வாறே.

யான் சென்ற அன்று கொட்டிலில் ஒரு மனத்தாங்கல் நிலவியது. வண்டி புறப்படும், வளைவில் மணலிற் சோரும், பின்பு தலை கொதித்து நின்றுவிடும். கனலும் முளைகள் இரண்டு எரிந்துபோயின, எஞ்சியது ஒன்று. அதுவும் போயின் விடுமுறை முடியும்வரை வண்டி பெட்டிக்குள்ளேதான். மாமன் கை வைக்க முற்பட்டபோது பையன், “மாமாக்கு வள்ள எஞ்சின்தானே தெரியும்” என்று சொல்லிவிட்டான். அச்சொல்லில் வன்மம் இல்லை. ஆயினும் அது தைத்தது. மாமன் மறுமொழி கூறாது, வண்டியின் பக்கத்திற் பளபளத்த புகைக்குழலையே பார்த்துக்கொண்டிருந்தான். “இது இதோட வந்த பைப்பா, மருமகன்?” என்று கேட்டான். அன்று, பந்தயத்தில் மிக வேகமானது என்று நண்பர் கூறப் பையன் புதிதாக வாங்கிய குட்டைக் குழல் அது. பழையது பெட்டியின் அடியிற் கிடந்தது.

இவ்விடத்தில் அக்குழலின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஈரடிப்பு இயந்திரத்தில் வாயில்களைத் திறந்து மூடுதற்குத் தனி அடைப்புகள் இல்லை. ஆடுதண்டு ஏறி இறங்குவதே வாயில்களை மூடித் திறக்கிறது. எரிந்த வாயு வெளியேறும் வாயில் திறந்திருக்கும்போதே புதுக் கலவையும் உள்ளே வருகிறது. ஆகவே புதியதில் ஒரு பகுதி பழையதன் பின்னே போய் வீணாகிவிடும். இந்த இழப்பைத் தடுப்பதே குழலின் வேலை. வாயில் திறந்ததும் வாயு ஓர் அமுக்க அலையாகக் குழலிற் பாய்கிறது. குழல் முதலில் விரிந்து செல்கிறது. அவ்விரிவிலிருந்து ஓர் இழுவிசை அலை திரும்பிவந்து எஞ்சிய புகையை உறிஞ்சுகிறது. அடுத்துக் குழல் கூம்புகிறது. அக்கூம்பிலே மோதிய அலை அமுக்க அலையாகவே திரும்பி, வழி தவறி வெளியே வந்த புதுக் கலவையை, வாயில் மூடுதற்குச் சற்று முன்பு உள்ளே தள்ளிவிடுகிறது. கதவு சாத்தும் நேரத்துக்கு வெளியே நின்ற பிள்ளையைத் தாய் கைப்பிடித்து வீட்டுக்குள் விடுதல் போன்றது இது. நேரத்தோடு வந்தால் வலு. முந்தினாலும் பிந்தினாலும் பயனில்லை.

இந்நுட்பத்தைக் கணக்கிற்குள் கொண்டுவந்தவர்களுள் தலையாயவர் வால்ற்றர் காடன். கிழக்கு ஜேர்மனியின் எம்.இசற். தொழிற்சாலையில், 1950களில், அலைகாட்டி என்னும் கருவியால் குழலினுள் எழும் அமுக்க அலைகளை ஆராய்ந்து குழல்களைச் சமைத்தார். 1961இல் அவருடைய 125 கன சென்ரிமீற்றர் பந்தய இயந்திரம் 25 குதிரைவலுவை எட்டியது. அவ்வாண்டே அந்நிறுவனத்தின் ஓட்டவீரர் ஏர்ண்ஸ்ற் டெக்னர் சுவீடனில் நடந்த பந்தயத்தோடு மேற்குலகுக்குத் தப்பிச் சென்று, அறிந்த நுட்பங்களோடு ஜப்பானின் சுசுக்கி நிறுவனத்தை அடைந்தார். 1962இல் சுசுக்கிக்காக 50 கன சென்ரிமீற்றர் பிரிவில் உலகப் பட்டத்தையும் வென்றார். ஒரு புகைக்குழலின் வடிவம் எல்லை கடந்து செல்லத்தக்க செல்வமாயிருந்த காலம் அது.

கணக்கு கடினமன்று, ஒன்பதாம் வகுப்பு மாணவனும் செய்யலாம். குழலினுள் உள்ள வாயுவின் சூடு ஏறத்தாழ 400 பாகை செல்சியசு என்று கொண்டால், அதில் ஒலி விநாடிக்குச் சுமார் 520 மீற்றர் செல்லும். நிமிடத்திற்கு 30,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியின் ஐந்நூறில் ஒரு பங்கு. வாயில் அரைச் சுற்று நேரம் திறந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அலை போய் மீள்வதற்குரிய காலம் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் அது செல்லும் தூரம் 52 சென்ரிமீற்றர். போக ஒரு பாதி, வர ஒரு பாதி; கூம்பு 26 சென்ரிமீற்றர் தொலைவில் இருத்தல் வேண்டும். இயந்திரம் 20,000 சுற்றில் வலுக் காட்ட வேண்டுமாயின் அத்தொலைவு 39 சென்ரிமீற்றர் ஆகிவிடும். 40,000 சுற்றிலாயின் பத்தொன்பதரை. இது பருமட்டான கணக்கே. ஆயினும் நெறி இதுதான்: நீண்ட குழல் தாழ்ந்த சுற்றிலும், குறுகிய குழல் உயர்ந்த சுற்றிலும் வலுத் தரும். புல்லாங்குழலுக்கு நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என்று உரையாசிரியர் வரையறுத்ததும் வேறு எக்காரணம் பற்றி? காற்றுத்தூணின் நீளமே சுருதியை நிறுத்துகிறது.

என் மாணவன் இக்கணக்கு எதனையும் போடவில்லை. நூல் ஒன்றை எடுத்தான். வாயிலிலிருந்து கூம்பு வரை இரு குழல்களையும் அளந்து முடிச்சிட்டான். “இது தார் றோட்டுக்குச் சரி, மருமகன். நீளமா ஓடினாத்தான் இது பேசும். நம்மட மணலுக்குள்ள இது பேசுற சுற்றுக்கு எஞ்சின் ஏறவே ஏறாது” என்றான். மணலில் வேகம் பெறாமையால் பையன் எரிபொருளைக் குறைத்துக் குறைத்து வைத்திருக்கிறான். இவ்வியந்திரத்திற்கு எரிபொருளே எண்ணெயையும் கொண்டுவருவது. அது குறைந்தால் உராய்வு மிகும், சூடு ஏறும், முளை எரியும், ஈற்றில் ஆடுதண்டும் கெடும். ஆக, நோய் ஓரிடத்தில், மருந்திட்டது வேறோரிடத்தில்.

பழைய நீண்ட குழலைப் பூட்டினான். பூட்டிய இடத்தில் காற்றுக் கசிகிறதா என்று பார்த்தான். இதற்குக் காரணம் உண்டு. குழலில் உள்ள ஒரு சிறு முலையிலிருந்து இறப்பர்க் குழாய் எரிபொருட் கலத்திற்குச் செல்கிறது. புகையின் அமுக்கமே எரிபொருளை இயந்திரத்திற்குத் தள்ளுகிறது. மூட்டிற் கசிந்தால் அலையும் கெடும், எரிபொருளும் குன்றும். குழலை மாற்றியவர் எரிபொருள் ஊசியையும் மீளத் திருத்த வேண்டும் என்பது இதனாலேயே. ஆகவே ஊசியை முதலில் நன்றாகத் திறந்து, இயந்திரத்தை எழுப்பினான். நீலப் புகை கிளம்பியது. ஒலி தட்டுத் தடுமாறி வந்தது.

“கேக்குதா சேர்? நாலடிப்பு மாதிரித் தட்டுது. எண்ணெய் கூடிப்போச்சு” என்றான். எரிபொருள் மிகுந்தால் ஈரடிப்பு இயந்திரம் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிந்து அவ்வாறு ஒலிக்குமாம். ஊசியை எட்டில் ஒரு பங்கு திருப்பினான், கேட்டான், மீண்டும் எட்டில் ஒரு பங்கு. தடுமாற்றம் குறைந்து ஒலி ஓட்டமாயிற்று. யான் அது போதும் என்று நினைத்தேன். அவன் எரிபொருட் குழாயை விரலால் ஒருகணம் நெரித்தான். சுருதி ஏறி, இரண்டு மூன்று விநாடியின் பின்னரே இயந்திரம் தளர்ந்தது, “சரி” என்றான். ஓடவிட்டு நிறுத்திய பின் தலைமேல் ஒரு துளி நீர் விட்டான். சீறி மறைந்தால் சூடு மிகுதி. அசையாது கிடந்தால் எரிபொருள் மிகுதி. துளி மூன்று நான்கு விநாடி கொதித்து அடங்கியது. நூறு பாகைக்குச் சற்று மேல், வேண்டிய அளவு.

வண்டி மணல் வளைவிலிருந்து சோராமற் பாய்ந்தது. முன்னிலும் இரைச்சல் குறைவு, விரைவு மிகுதி. பையன் எதுவும் கூறவில்லை. செலுத்தும் கருவியை மாமன் கையில் கொடுத்தான்.

யான் மட்டும் தலைகுனிந்து நின்றேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வெண்பாவில் தளை தட்டும் இடத்தைக் காட்டு என்று யான் வகுப்பிற் கேட்டபோது இவன் விழித்தான். “உனக்குச் செவியே இல்லை” என்றேன். அவன் சாதாரணதரத்தோடு பள்ளியை விட்டான். என் சொல்லே அதற்குக் காரணம் என்று கூறேன்; வறுமை இருந்தது, போர் இருந்தது. ஆயினும் அச்சொல் பொய். தளை தட்டுவதை இதோ இவன் கேட்கிறான், யான் கேட்கவில்லை. பாடுமீன் இசை கேட்க விரும்புவோர் நிலாக்காலத்தில் துடுப்பின் ஒரு முனையை வாவியில் இட்டு மறுமுனையைக் காதில் வைப்பர். இவன் திருப்புளியின் முனையை இயந்திரத்தில் ஊன்றிப் பிடியைக் காதில் வைக்கிறான். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் கணிதமும் கற்றவராதலால் நரம்பின் நீளத்தை அளந்து, 1947இல் யாழ் நூலை நமக்குத் தந்தார். அளவும் இசையும் ஒன்றென்று அதனைக் கற்பித்துவந்த யான், அவ்வுண்மை எண்ணெய்க் கையோடு எதிரே நின்றபோது இனங்காணவில்லை.

புறப்படும் நாளில் பையன், “மாமா, இதெல்லாம் எழுதித் தாங்க” என்றான். மாமனுக்கு எழுத்து இலகுவன்று, என்னைப் பார்த்தான். அவன் சொல்ல யான் எழுதினேன். ஓடும் நிலத்தைப் பார்த்துக் குழலைத் தேர். வளைவும் மணலும் எனின் நீண்டது, நெடுந்தார்ச் சாலை எனின் குறுகியது. இரைச்சலை வேகம் என்று எண்ணாதே. ஐரோப்பியப் பந்தயங்களில் இரைச்சலை அடக்கும் பொருட்டே குழலுக்கு அங்கீகார எண் கேட்கிறார்கள். வால் துவாரத்தைத் துளைத்துப் பெருப்பிக்காதே, நசுக்கவும் செய்யாதே. குழல் மாற்றினால் ஊசியை முதலில் திற, பிறகு சிறிது சிறிதாக மூடு. மெதனோல் கண்ணைக் குருடாக்கும் நஞ்சு, அதன் தீ பகலிற் கண்ணுக்குத் தெரியாது. சோடாப் போத்தலில் ஊற்றி வையாதே.

எழுதியதை வாசித்துக் காட்டினேன். “ஒண்டு விட்டுட்டீங்க சேர்” என்றான். “கேட்ட பிறகுதான் திருகணும் எண்டு எழுதுங்க.” அதையும் எழுதிக் கொடுத்தேன்.