இன்சுலின் ஊசியும் புராஸ்டேட் புற்றுநோயும்: பயம் வேண்டாம், கவனம் வேண்டும்



சென்ற மாதம் ஜும்ஆ முடிந்ததும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரியவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். "தம்பி, இன்சுலின் போட்டால் புராஸ்டேட் புற்றுநோய் வருமாமே! நாலு நாளாக ஊசியை நிறுத்திவிட்டேன்" என்றார். அன்றே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இதே பயம் வேறு வீடுகளிலும் இருப்பதால் விவரத்தை இங்கே எழுதுகிறோம்.

இன்சுலின் நம் கணையத்தில் தானாகவே சுரப்பது. ரத்தத்திலுள்ள சர்க்கரை உடலின் செல்களுக்குள் போக அது உதவுகிறது. தொப்பை விழுந்து நடையும் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. செல்கள் வளர்வதையும் இன்சுலின் தூண்டும் என்பதால்தான் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பை ஆராய்கிறார்கள்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. வெறும் வயிற்றில் இன்சுலின் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட இந்தப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு இருந்தது. ஆனால் அதில் நோய் கண்டவர்கள் 100 பேர்தான். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளிடம் இந்நோய் சற்றுக் குறைவு என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. எனவே இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது.

மேலும், இவையெல்லாம் உடலில் தானாகச் சுரக்கும் இன்சுலினைப் பற்றியவை. ஊசியைப் பற்றித் தனியே ஆராய்ந்திருக்கிறார்கள். 12,500க்கும் மேற்பட்டோரைச் சுமார் ஆறு ஆண்டுகள் கவனித்த 'ஆரிஜின்' ஆய்வு 2012இல் வெளியானது. கிளார்ஜின் என்ற இன்சுலினைப் போட்டவர்களுக்குப் புற்றுநோய் கூடவில்லை. ஊசியைத் திடீரென நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து வரலாம். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

நாம் செய்யக்கூடியது என்ன? பள்ளிவாசலுக்கு வண்டியை விட்டு நடந்து போகலாம். சோறு, பரோட்டா, சர்க்கரை போட்ட தேநீர் ஆகியவற்றைக் குறைக்கலாம். புகையை அடியோடு விட வேண்டும்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இரவில் பலமுறை எழுவது, சிறுநீர் மெலிந்து போவது, ஒளு செய்த பிறகும் சொட்டுவது ஆகியவற்றை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பெரும்பாலும் அது சுரப்பியின் சாதாரண வீக்கமாகவோ சர்க்கரையின் விளைவாகவோ இருக்கும். சிறுநீரில் ரத்தம் வந்தால் தாமதிக்கவே கூடாது. ஆரம்ப நிலைப் புற்றுநோய் அறிகுறி காட்டாமலும் இருக்கும். ஆகவே அத்தாவுக்கோ சகோதரருக்கோ இந்நோய் வந்திருந்தால், பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். புத்தூர் அரசு மருத்துவமனைக்குத் துணையின்றிப் போகத் தயங்குபவர்கள் எங்களிடம் சொல்லுங்கள், உடன் வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

உடல் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம்.

செயலாளர்