கான்கிரீட்டின் நாடி

கான்கிரீட்டுத் தூண் ஒன்றைக் காண்பார்க்கு அதன் வன்மை புலப்படுமேயன்றி அதனுள் நிகழ்வது புலப்படாது. சுத்தியலால் தட்டி, எழும் ஓசையின் வேறுபாட்டால் உட்பிளவை உணரும் வழக்கம் உண்டு. அதுவும் மேற்பரப்பை அடுத்த குறைகளையே காட்டும். ஆதலின், கான்கிரீட்டை வார்க்கும்போதே அதனுள் உணர்கருவிகளைப் பதித்துவைத்து, அதன் நலத்தை நாள்தோறும் அறியும் முறை தோன்றியது. அதனையே நாம் ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

முதற்கண் நோயைக் கூறுவோம். கான்கிரீட்டு அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுப்பைத் தாங்கும் ஆற்றலோ அதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. அக்குறையை நிரப்பவே எஃகுக் கம்பிகளை உள்ளிடுகின்றனர். கான்கிரீட்டின் காரத்தன்மை அக்கம்பிகளைத் துருவினின்றும் காக்கும். உப்புநீர் ஊறிச்சென்று கம்பியை எட்டினால் அக்காப்பு அழிந்துபடும். துருவானது இரும்பினும் இருமடங்குக்கு மேல் இடங்கொள்வதாகலின் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். வெளியே வெடிப்புத் தோன்றுங்கால் நோய் முதிர்ந்திருக்கும்.

அமெரிக்க நாட்டு மினியாபொலிஸ் நகரில் மிஸிஸிப்பி ஆற்றின்மேல் 1967-இல் திறக்கப்பட்ட எஃகுப் பாலம், 2007 ஆகஸ்டு 1-ஆம் நாள் மாலையில், வண்டிகள் நிறைந்திருந்த வேளையிலேயே இடிந்து வீழ்ந்தது. 13 பேர் மாண்டனர். 145 பேர் காயமுற்றனர். அவ்விடத்தே கட்டி 2008 செப்டம்பர் 18-இல் திறந்த புதுப்பாலம் கான்கிரீட்டால் ஆயது. அதில் முந்நூற்றுக்கு மேற்பட்ட உணர்கருவிகளை அமைத்தனர்.

அவற்றுள் ஒருவகை அதிர்கம்பி அளவி எனப்படும். பொறியியல் நாம் பயிலும் துறையன்று. ஆயினும் யாழின் நரம்பை அறிந்தார்க்கு இக்கருவி விளங்காமற் போகாது. ஒரு சிறு குழாயினுள் மெல்லிய எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டி, அதன் இரு முனைகளும் கான்கிரீட்டைப் பற்றியிருக்குமாறு பதிப்பர். கான்கிரீட்டு நீண்டால் கம்பி இறுகிச் சுருதி உயரும். சுருங்கினால் கம்பி தளர்ந்து சுருதி தாழும். அருகிலுள்ள மின்காந்தச் சுருளே கம்பியை மீட்டவும் செய்யும், அதன் சுருதியைக் கேட்கவும் செய்யும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சியும் இதற்குப் புலனாம். நெடுந்தொலைவு மின்கம்பி வழியே செல்லுங்கால் ஒலியின் வலி குன்றினும் சுருதி மாறாது. இக்கருவியின் சிறப்பு இதுவே.

துருவை முன்னறிதற்கு வேறு கருவி உண்டு. சிறு எஃகுத் துண்டுகளை ஏணிப்படி போல வெவ்வேறு ஆழத்திற் பதிப்பர். மேலுள்ள துண்டு முதலில் துருவுற்று மின்னோட்டத்தால் அறிவிக்கும், பின்னர் அடுத்தது. உப்பு எவ்வளவு விரைவில் இறங்குகின்றதென்பதை, அது பாலத்தின் கம்பிகளை எட்டுமுன்னரே கணக்கிடலாம். குளிர்காலத்திற் பனியுருக்கச் சாலையில் உப்புத் தூவும் அந்நாட்டில் இஃது இன்றியமையாதது.

கருவி கூறுவதெல்லாம் நோயாகாது. கான்கிரீட்டு வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் பத்து லட்சத்தில் ஏறக்குறையப் பத்துப் பங்கு நீளும். அப்புதுப்பாலத்தின் பெருங்கண் 504 அடி. முப்பது பாகை வேறுபாட்டில் அஃது ஏறத்தாழ இரண்டங்குலம் நீளும். இஃது இயல்பே. ஆதலின் வெப்பமானிகளையும் உடன் பதித்து, பல பருவங்கள் கேட்டிருந்து பாலத்தின் இயல்பை அறிந்தாலன்றி அதன் பிணியை அறிதல் ஒண்ணாது. கருவி பழுதுற்றால் தோண்டியெடுத்துச் செப்பஞ்செய்யவும் இயலாது. வார்க்கும் நாளிலேயே ஆளின் கால்பட்டு உடைவனவும் உண்டு.

வீழ்ந்த பழம்பாலத்தைப்பற்றி ஒன்று கூறவேண்டும். அதன் உறுப்புக்களை இணைத்த தகடுகளுட் சில, வேண்டிய கனத்தில் ஏறக்குறையப் பாதியே இருந்தன என்பது ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. அத்தகடுகள் வளைந்திருந்தமை 1999-இலும் 2003-இலும் எடுத்த ஒளிப்படங்களில் வெறுங்கண்ணுக்கே தெரிகின்றது. அவ்வளைவை ஆபத்தின் குறியென அன்று கொண்டாரில்லை.