சோளக் காட்டில் கிடைத்த தட்டு

1989 அக்டோபரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சோள அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, அறுவடை இயந்திரம் எதிலோ முட்டியது. மண்ணில் கிடந்தது ஒரு டைட்டானியத் தட்டின் பெரும் துண்டு. விபத்து விசாரணையாளர்கள் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஜூலை 19 அன்று யுனைடெட் 232 என்ற டிசி-10 விமானத்தின் வால் இன்ஜினில் விசிறியைத் தாங்கிய தட்டு அது. நடுவானில் உடைந்து தெறித்து, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் செயலிழக்க வைத்தது. மற்ற இரண்டு இன்ஜின்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் விமானிகள் சூ சிட்டி வரை வந்துவிட்டார்கள். தரையிறங்கும்போது விமானம் நொறுங்கியது; 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

வெடித்த கொதிகலன், அறுந்த லிஃப்ட், பிடிக்காத பிரேக் என எதுவானாலும், தடய இயந்திரப் பொறியாளர் முதலில் கேட்பது உடைந்த துண்டைத்தான்.

கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்தே முறிப்போம் அல்லவா? உலோகம் சோர்ந்து உடைவதும் அப்படித்தான். சுமை ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் விரிசல் மயிரிழையிலும் குறைவாக நகரும். நகர்ந்த இடத்தில் ஒரு வரி விழும். கோடையில் வற்றும் குளம் கரையில் விட்டுப்போகும் வரிகளைப் போல. நுண்ணோக்கியில் அவற்றை எண்ணலாம்.

அயோவாத் தட்டிலும் எண்ணினார்கள். அது கண்ட 15,503 பயணங்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது கணக்கு. உலோகத்தை உருக்கியபோதே நைட்ரஜன் மிகுந்த ஒரு கடினப் புள்ளி உள்ளே தங்கிவிட்டது. 1972இல் பறக்கத் தொடங்கிய நாளிலிருந்தே விரிசல் வளர்ந்திருக்கிறது. முறிவு முகத்தில் நிறம் மாறிய ஒரு திட்டு இன்னொன்றையும் காட்டியது. விபத்துக்கு 760 பயணங்கள் முன்பு ஒளிரும் சாயம் பூசிச் சோதித்தபோது விரிசல் ஏறக்குறைய அரை அங்குலம் இருந்தது. பார்த்த கண்ணுக்குத் தப்பிவிட்டது.

டைட்டானியம் துருப்பிடிக்காது. மழையிலும் மண்ணிலும் கிடந்த பிறகும் அதைப் படிக்க முடிந்தது. இரும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போதாததற்கு நாமும் சேர்ந்து அழிக்கிறோம். ஷாஃப்ட் முறிந்ததும் இரண்டு பாதியையும் ஒட்டவைத்துப் பார்க்கத்தான் கை போகிறது. முகமும் முகமும் உரசி வரிகள் நசுங்குகின்றன. பிறகு கம்பி பிரஷ், வெல்டிங், மாலைக்குள் காயலான் கடை. புது ஷாஃப்டும் அதே இடத்தில் முறியும்போது காரணம் சொல்ல எதுவும் மிச்சமிருப்பதில்லை. இது வேதனையான விரயம்.

துண்டுகளைத் தனித்தனியே உலர்ந்த துணியில் சுற்றுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, என்றைக்கு முறிந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவையுங்கள்.