மாத்திரை அட்டையும் எலிக்குட்டியின் மூளையும்

‘உடல்வலி மாத்திரைகள் பறிமுதல், இளைஞர்கள் கைது.’ சென்னை, திருவள்ளூர் வட்டாரக் காவல் செய்திகளில் பழகிப்போன தலைப்பு இது. எளாவூர் சோதனைச்சாவடியில் ஆந்திரத்திலிருந்து வரும் வண்டிகளை நிறுத்திக் கஞ்சாவைத் தேடலாம். மாத்திரை அட்டைக்கு வாசனை கிடையாது. சட்டைப் பைக்குள் அடங்கிவிடும்.

இப்படிப் பிடிபடும் டிரமடோல், டேபென்டடால் போன்றவை மார்பின் வேலை செய்யும் அதே வழியில் மூளையைத் தொடுபவை. டிரமடோலை மத்திய அரசு 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நாட்டில் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் அபின் வகைப் பொருட்களைப் பயன்படுத்துவதாக 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் நம் ஊர்ச் செய்திகளில் பிடிபடுபவர் எப்போதும் இளைஞர்தான். அவர் வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால், அவளும் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டால்?

விடையின் ஒரு பகுதி ஆய்வகக் கூண்டுகளில் இருக்கிறது. எலிக்குச் சினைக்காலம் சுமார் 22 நாள். கண் திறக்காமல், முடி முளைக்காமல் பிறக்கும் அதன் குட்டியின் மூளை, மனிதக் கருவில் கடைசி மூன்று மாதங்களில் நடக்கும் வளர்ச்சியைப் பிறந்த பிறகே முடிக்கிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் சினைக்காலத்தோடு நிறுத்தாமல், பிறந்த முதல் வாரத்திலும் மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள்.

அபின் வகை மருந்தான மெத்தடோனைப் பெற்ற தாய் எலிகளின் குட்டிகள் எடை குறைந்திருந்தன. மூளை வளர்ச்சியும் பின்தங்கியது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இதை ஆராய்ந்த இயன் சாகன், பாட்ரிசியா மெக்லாலின் இருவரும் 1983-இல் தலைகீழாக ஒன்றைச் செய்தார்கள். அபின் வகைப் பொருள் மூளையில் ஒட்டாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோனைக் குட்டிகளுக்கு நாள் முழுக்கச் செயல்படும் அளவில் கொடுத்தார்கள். மூளை வழக்கத்தைவிடப் பெரிதாக வளர்ந்தது! உடல் தானே சுரக்கும் அபின் போன்ற பொருட்கள், செல்கள் பெருகும் வேகத்துக்குப் பிரேக் போடுகின்றன என்பது அவர்களது விளக்கம். வெளியிலிருந்து வரும் மாத்திரை அந்தப் பிரேக்கை இன்னும் அழுத்துகிறது.

எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போட்டுவிடவும் முடியாது. மயக்கத்தில் கிடக்கும் தாய் எலி சரியாகத் தின்பதில்லை, குட்டிகளை நக்கிப் பராமரிப்பதில்லை. அதனால் குட்டிகளை வேறு தாயிடம் விட்டு வளர்த்து ஒப்பிடுகிறார்கள். ஆண் குட்டிக்கும் பெண் குட்டிக்கும் விளைவு மாறுகிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதக் குழந்தை மேல் ஏற்றுவது அவசரம்.

மனிதரில் கண்ணால் காண்பது வேறு. மாத்திரைக்குப் பழகிய தாயின் குழந்தை பிறந்த ஓரிரு நாளில் கீச்சென்று அழும், நடுங்கும், பால் குடிக்கத் திணறும். அதற்காகப் பயந்து கர்ப்பிணி மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது கருவுக்கே ஆபத்து. மருத்துவர்கள் மெத்தடோனோ பியூப்ரெனார்பினோ அளவோடு கொடுத்துத்தான் நிலைப்படுத்துகிறார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி ஒடியாவும் இந்தியும் பேசும் குடும்பங்கள் உண்டு. அங்குள்ள கர்ப்பிணிக்கும் இந்தச் சிகிச்சை கிடைக்க, செவிலியர் மாத்திரையைப் பற்றி அவள் மொழியில் கேட்க வேண்டும். சொன்னால் போலீஸ் வரும் என்ற பயம் இருந்தால், எந்த மொழியில் கேட்டாலும் அந்தப் பெண் வாய் திறக்க மாட்டாள்.