லாரிக்கும் லாரிக்கும் நடுவே எத்தனை மீட்டர்?

ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி மாமண்டூர் போகும்போது பாலாற்றுப் பாலத்தின் ஒவ்வொரு எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட்டிலும் டயர் 'தடக்' என்று அடித்துவிட்டுப் போகும். வெயிலில் தளம் நீள்வதற்காக விட்ட சந்து அது. 2022-இல் இந்த ஜாயிண்ட்டுகளைச் சரிசெய்வதற்காகவே வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள்.

இதே பாலத்தில் தானியங்கி லாரித் தொடர் ஏறினால் என்ன ஆகும்? முதல் லாரியின் வேகமும் பிரேக்கும் ரேடியோ வழியே பின்னால் தெரிந்துவிடுவதால் மற்றவை ஒட்டியே ஓடும். காற்றின் தடை குறையும், டீசலும் மிச்சமாகும். 2016-இல் ஐரோப்பாவின் ஆறு நிறுவனங்களின் லாரிகள் இப்படித்தான் ரோட்டர்டாம் துறைமுகம் போய்ச் சேர்ந்தன. 80 கி.மீ. வேகத்தில் அரை விநாடி இடைவெளி என்பது 11 மீட்டர்தான். மனித ஓட்டுநர் விடவேண்டிய இரண்டு விநாடியோ 44 மீட்டர்.

நம் பாலங்களுக்கான இந்தியச் சாலைக் காங்கிரசின் ஐ.ஆர்.சி. 6 விதிநூலில் 'கிளாஸ் ஏ' என்றொரு கணக்கு வண்டி உண்டு. எடை 55.4 டன், அடுத்த வண்டி குறைந்தது 18.5 மீட்டர் தள்ளித்தான் வரும்; தானியங்கித் தொடரிலோ 11 மீட்டர்தான். 2018-க்குப் பிறகு நம் சாலையில் நிஜ டிரெய்லரே சரக்கோடு சேர்த்து 55 டன் வரை இருக்கலாம். அதற்காகப் பாலம் உடனே விழுந்துவிடாது. 100 டன் '70ஆர்' வண்டிக்கும் கணக்குப் போட்டு, அதற்கு மேலும் பாதுகாப்பு வைத்துத்தான் கட்டுகிறார்கள். இரு தூண்களுக்கு இடையிலான கண் குறுகியதாக இருந்தால் அதில் ஒரு லாரிக்குத்தான் இடம் என்பதால் இடைவெளி அங்கே பெரிதாகப் பொருட்டல்ல. நீண்ட கண்ணிலும், பல கண்களைத் தொடர்ச்சியாகக் கடக்கும் உத்திரத்திலும்தான் சிக்கல்: தூணின் இருபுறமும் ஒரே நேரத்தில் பாரம் விழ, தூணுக்கு மேலே உத்திரத்தின் மேல்முகம் இழுபடும்.

நெரிசலில் வண்டிகள் இதைவிட நெருக்கமாக நிற்கின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. துறைமுகம், கனரகத் தொழிற்சாலை அருகே கட்டும் பாலங்களுக்கு விதிநூலே கூடுதல் பாரம் சேர்க்கிறது. 70 மீட்டருக்கு மேற்பட்ட கண்ணுக்கு 1.7 மடங்கு. ஆனால் நெரிசலில் காரும் பஸ்ஸும் கலந்து நிற்கும், ஓட்டத்தின் அதிர்வு இருக்காது. தொடரிலோ எல்லாம் பாரவண்டி, முழு வேகம், அதுவும் நாள்தோறும். எஃகு களைத்துப்போவது இப்படித்தான். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலங்களில் உப்புக்காற்று கம்பியை ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு அதிகக் கவலை தருவது பிரேக். முதல் வண்டித் தொகுதியின் எடையில் 20 சதவீதம், பின்வருபவற்றுக்கு 10 சதவீதம் என்று கிடைவிசையைக் கணக்கிடுகிறோம். மனித ஓட்டுநர்கள் எல்லோரும் ஒரே நொடியில் பிரேக்கை மிதிப்பதில்லை. தானியங்கித் தொடர் மிதிக்கும். அந்தத் தள்ளல் முழுவதும் பேரிங்குக்கும் தூணுக்கும் போகும்.

இதற்கு வழி அந்தத் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. பாலம் வருமுன் 'இடைவெளியைக் கூட்டு' என்று லாரிகளுக்கு ரேடியோவில் கட்டளை தரலாம். ஜி.எஸ்.டி. சாலையில் முதல் தொடரை அனுமதிக்கும் முன்பே அதைச் சட்டமாக்கி, அந்த 10 சதவீதத்தையும் திருத்தி எழுதவேண்டும்.